ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டுக்குத் தண்ணீர்

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்ததும் பல கிராமங்கள் எல்லையில் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்தன. வேப்பிலைத் தோரணம், தெருவெல்லாம் மஞ்சள் தண்ணீர். அந்த அக்கறையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ராத்திரியில் பிரசவ வலி எடுத்து 108 வந்தால் முள்ளை யார் இழுத்துப் போடுவது என்று பேசி வைத்த ஊர்கள் குறைவு.

மே 5ஆம் தேதி, தொற்று பரவியதால் சென்னை கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் பக்கம் ஊர் திரும்பியபோதுதான் உண்மையான வேலை தொடங்கியது. 14 நாள் தனிமை என்று கதவில் ஸ்டிக்கர் ஒட்ட அரை நிமிடம் போதும். உள்ளே இருப்பதோ ஒரே அறை, தண்ணீர் தெருக்குழாயில். அந்த வீட்டுப் பெண் குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தோடு விலகிப் போவார்கள், வராவிட்டால் உலை வைக்கத் தண்ணீர் கிடையாது. இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். அவர்கள் அண்டாவை வாசலில் வைத்துவிட்டால் பக்கத்து வீட்டார் தங்கள் குடத்தால் ஊற்றிவிட்டுப் போகலாம், குடம் கைமாறாது.

மாடுதான் பெரிய சிக்கல். ஒரு வேளை கறக்காமல் விட்டாலே மடி கட்டிக்கொள்ளும். கறந்தாலும் சொசைட்டியில் அந்த வீட்டுப் பாலை ஊற்றத் தயக்கம். பங்காளி யாராவது தன் கொட்டகைக்கு ஓட்டிப்போய்க் கட்டிக்கொண்டால் தீர்ந்தது. பங்காளிக்குள் வரப்புத் தகராறு இருந்தால் அதுவும் நடக்காது.

பிளீச்சிங் பவுடர் தெளிப்பது கண்ணுக்குத் தெரியும் வேலை என்பதால் அதற்கு எப்போதும் ஆள் கிடைத்தது. லிட்டருக்கு 30 கிராமுக்குச் சற்று மேல் கரைத்துத் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் வடிகட்டி ஊற்ற வேண்டும். இல்லையென்றால் சுண்ணாம்பு படிந்து தெளிப்பானின் நாசில் அடைத்துக்கொள்ளும். திறந்து கிடந்த மூட்டையில் குளோரின் பாதி போயிருக்கும். அதைத் தெருவில் அடித்து என்ன பயன்?

2021இல் இரண்டாம் அலையின்போது, ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்தே பலர் காய்ச்சலை மறைத்தார்கள். மெடிக்கலில் மாத்திரை வாங்கி நாலைந்து நாள் ஓட்டிவிட்டு, மூச்சு வாங்கும்போதுதான் வெளியே சொன்னார்கள். மகளிர் குழுவில் பழகிய பெண் ஒருவர் கையில், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் இருந்த ஊரில் கொஞ்சம் முன்பே தெரிந்தது. அவரிடம் விரலை நீட்ட யாரும் கூசவில்லை. மருதாணி இட்ட விரலும் சில்லிட்ட விரலும் தவறான எண்ணைக் காட்டலாம். விரலைத் தேய்த்துச் சூடேற்றி, எண் ஒரு நிலையில் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி. மேலே இருந்தால் வாசலிலேயே ஆறு நிமிடம் நடக்கவிட்டு மறுபடி பார்ப்பது. 3 புள்ளி இறங்கினால், உட்கார்ந்திருக்கும்போது 97 காட்டியவரையும் வண்டியில் ஏற்ற வேண்டும்.