களனி கடலில் விழும் இடத்தில்: கொடுவா தேடிய மாசி மாதம்

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் அப்பா எனக்குத் தூண்டில் பழக்கிய நாட்களில் கோலும் இல்லை, ரீலும் இல்லை. வெறும் பால்மாப் பேணியில் சுற்றிய தங்கூசி என்ற நைலோன் நூல், ஒரு துண்டு ஈயம், ஒரு தூண்டில் முள், அரை இறால். இவ்வளவுதான் சாமான். நூலைச் சுட்டுவிரலின் மேல் கிடத்தி, மீன் கொத்துவதை விரலால் கேட்க வேண்டும் என்பார் அப்பா. கொழும்புக்கு வந்து 18 வருடங்களாகியும் நான் அதே முறையில்தான் மீன் பிடித்துக்கொண்டிருந்தேன். இரையைப் போடுவேன், காத்திருப்பேன். இந்த மாசி மாதம்தான், இரையே இல்லாமல் செயற்கை மீனை வீசி இழுக்கும் முறையைக் கற்பது என்று முடிவெடுத்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் போயின. மூன்று களனி கங்கையின் முகத்துவாரத்தில். ஒன்று என் வீட்டுக்கு எதிரே, வெள்ளவத்தைக் கற்களில்.

கொழும்புக் கரையிலிருந்து தூண்டில் போட மாசியை விட நல்ல மாதம் இல்லை என்பது என் எண்ணம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும். கடல் கலங்கிப்போய்க் கற்களை அறைந்துகொண்டே இருக்கும். மேற்குக் கரை மீனவர் பலர் அந்த மாதங்களில் கிழக்குக் கரைக்குப் போய்த் தொழில் செய்வது தலைமுறைகளாக நடக்கிறது. மார்கழியில் இங்கே கடல் அடங்கத் தொடங்கும். மாசி விடியலில் தரைக்காற்று கடலை நோக்கி மெல்ல வீசும்போது, வீசிய நூல் வளையாமல் நேரே போய் விழுகிறது. புதிதாகக் கற்பவனுக்கு அது பெரிய உதவி.

முதல் ஞாயிறு அதிகாலை நான்கு மணிக்கு ஓட்டோ பிடித்தேன். காலி வீதி வெறிச்சோடிக் கிடந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரியிலிருந்து பாண் வேகும் வாசனை வந்தது. மட்டக்குளியில் இறங்கிக் காக்கைதீவுக் கடற்கரைக்கு நடந்தேன். யாழ்ப்பாணத்திலும் ஒரு காக்கைதீவு இருக்கிறது. அங்கும் மீன்தான் பேச்சு. அந்தப் பெயர்ப் பலகையைக் கண்டதுமே எனக்கு மனம் லேசாகிவிட்டது. பக்கத்து ஊரின் பெயரே முகத்துவாரம். சிங்களத்தில் ‘மோதர’ என்றாலும் அதே பொருள்தான்: ஆறு கடலில் விழும் வாய். சிவனொளிபாதமலைப் பக்கத்திலிருந்து 145 கிலோமீற்றர் ஓடி வருகிற ஆறு இங்கேதான் முடிகிறது.

விடிந்ததும் நான் பார்த்தது தண்ணீரில் ஒரு கோடு. ஒரு பக்கம் தேநீர் நிறத்தில் ஆற்று நீர், மறுபக்கம் பச்சைக் கடல். இரண்டும் உரசும் இடத்தில் நுரையும் ஆகாயத்தாமரைத் துண்டுகளும் ஒரே வரிசையில் மிதந்தன. இந்தக் கரையில் கடலின் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீற்றர்கூட வராது. ஆனாலும் வற்று இறங்கும்போது, ஆற்று வாய் இடுங்கிய இடத்தில் இழுவை பலமாக இருக்கிறது. அந்த இழுவையில் சிறு இறாலும் குஞ்சு மீனும் கட்டுப்பாடில்லாமல் வெளியே அடித்து வரப்படும். கொடுவாவும் பாரையும் அந்தக் கோட்டின் ஓரத்தில், கற்களின் பின்னால், நீரோட்டத்தை எதிர்த்துத் தலை வைத்துக் காத்து நிற்கும். மேலே ஓடுவது நன்னீர். கீழே கிடப்பது பாரமான உப்பு நீர். மழை குறைந்த மாதங்களில் அந்த உப்பு நீர் ஆற்றின் அடியால் உள்ளே ஏறிவிடும். கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலையில் உப்புநீர்த் தடுப்புத் தேவைப்படுவது அதனால்தான். மீன் பிடிக்கிறவனுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. கடல் மீன் கீழே நிற்கும். மேலே நீந்தும் இரையைக் காட்டிப் பயன் குறைவு.

இதெல்லாம் எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை. புறக்கோட்டையில் வாங்கிய ரப்பர் மீனை, 14 கிராம் ஈயத்தலை முள்ளில் கோத்து வீசினேன். உடனே சுற்றி இழுத்தேன். வீசினேன், இழுத்தேன். இரண்டு ரப்பர் மீன்களைக் கற்களுக்குக் கொடுத்த பிறகு, ஏழு மணியளவில் கோல் வளைந்தது. ரீல் கத்திக்கொண்டு நூலை விட்டது. நான்கைந்து நொடிதான். பிறகு எல்லாம் தளர்ந்துவிட்டது.

நூலின் முனையை எடுத்துப் பார்த்தேன். பன்றி வால் போலச் சுருண்டிருந்தது. இது முக்கியமான அடையாளம். மீனின் பல்லோ கல்லோ அறுத்தால் முனை சிதைந்தோ சிராய்ந்தோ இருக்கும். சுருண்டிருந்தால் முடிச்சு வழுகிவிட்டது என்று பொருள். ரீலில் இருப்பது பின்னல் நூல். அது மெல்லியது, வழுக்கும். அதன் நுனியில் ஒன்றரை மீற்றர் தடித்த நூலைச் சேர்த்துக் கட்டியிருந்தேன். அந்த இணைப்பை நான் அப்பா தங்கூசிக்குப் போட்ட முடிச்சால் கட்டியிருந்தேன். அந்த மீன் வாயில் ஒரு முள்ளோடு போனதை நினைத்து அன்று முழுவதும் வருத்தமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அந்த வாரம் ஒவ்வோர் இரவும் சாப்பாட்டு மேசையில், பின்னல் நூலையும் தடித்த நூலையும் இணைக்கும் ‘எஃப்ஜி’ என்ற முடிச்சைப் பழகினேன். மனைவி தடித்த நூலின் முனையைப் பிடித்துக்கொள்வாள். நான் பின்னல் நூலை அதன் மேலும் கீழுமாக மாற்றி மாற்றி 20 தடவை பாய் பின்னுவது போலச் சுற்றுவேன். தடித்த நூல் எங்கும் மடிவதில்லை. பின்னல்தான் அதை நாலா பக்கமும் இறுக்கிக் கவ்வுகிறது. நனைத்து இழுக்கும்போது பின்னல் நூலின் நிறம் கறுத்து, விரலில் திரண்டு தெரியாத அளவுக்கு அமுங்க வேண்டும். அப்படி அமுங்கினால் கோலின் வளையங்களுக்குள் தடங்கலின்றி ஓடும். முதல் நாள் கட்டிய எல்லாமே கழன்றன. வியாழன் இரவு கட்டிய ஒன்றை இருவருமாக எதிரெதிரே இழுத்தும் அசையவில்லை.

இரண்டாம் ஞாயிறு மீன் எதுவும் படவில்லை. ஆனால் நான்கு நாட்களிலும் நான் அதிகம் கற்றது அன்றுதான். எனக்குச் சற்றுத் தள்ளி ஒரு பெரியவர் கைநூல் போட்டுக்கொண்டிருந்தார். முகத்துவாரத்துக்காரர், கடல் தொழிலை விட்டு வீட்டில் இருப்பவர். நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டு அருகே வந்தார்.

“தம்பி, நீர் நல்லாய் எறிகிறீர். ஆனால் விழ விடுகிறீரில்லை.”

“விழ விட்டால் கல்லில் மாட்டுகிறது ஐயா.”

“மாட்டட்டும். கல்லுக்குள்தானே மீன் இருக்கிறது. காயம்பட்ட மீன் எப்படி இருக்கும்? எழும்பும், பிறகு ஏலாமல் விழும். கொடுவா அந்த விழுகிறதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும்.”

தன் இளவயதில் கோழி இறகை முள்ளில் கட்டி, படகின் பின்னால் இழுத்துப் பாரையும் சூரையும் பிடித்த கதையைச் சொன்னார். செயற்கை இரை எனக்குத்தான் புதிது. அவருடைய கைக்கு அது ஐம்பது வருடப் பழக்கம். இறகென்றாலும் ரப்பரென்றாலும், உயிர் போகிற மீனின் அசைவை நூலின் இந்தப் பக்கத்திலிருந்து உண்டாக்க வேண்டும் என்றார்.

அவர் சொன்னபடி செய்து பார்த்தேன். ரப்பர் மீன் தண்ணீரில் பட்டதும் எண்ணினேன். ஏழில் அடி தட்டியது. நூல் சட்டெனத் தளர்வதில் அது தெரிந்தது. கோலை ஒரு முழம் உயர்த்தினேன். பிறகு நூலை முழுதாகத் தளரவும் விடாமல், இறுக்கவும் செய்யாமல், அது விழுவதோடு கோலின் நுனியைத் தாழ்த்திக்கொண்டே வந்தேன். அந்த இரண்டு நொடி கை சும்மா இருக்க மறுக்கிறது. சுற்று, சுற்று என்கிறது. அப்போதுதான் அப்பாவின் சுட்டுவிரல் ஞாபகம் வந்தது. பின்னல் நூலைக் கோலோடு சேர்த்துச் சுட்டுவிரலின் மேல் கிடத்தினேன். அடியிலுள்ள மணலும் கல்லும் வேறு வேறாகக் கேட்டன.

தேநீர்க் கடையில் இருவரும் இஞ்சி போட்ட பிளேன்டீ குடித்தோம். கடற்கரை மணலில் சவ்வரிசி போன்ற வெள்ளை மணிகளை அவர் காட்டினார். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் மணிகள் அவை. அந்தக் கப்பலில் இருந்தவை 1,600 தொன்னுக்கும் மேல். அப்போது இந்தக் கரையில் மீன்பிடியைத் தடை செய்தார்கள். பிடித்த மீனையும் வாங்க ஆளில்லாமல் இருந்த நாட்களை அவர் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. பொழுதுபோக்குக்காக வருகிற நாம் ஒரு முழம் நூலைக்கூட இங்கே விட்டுப் போகக்கூடாது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அன்றிலிருந்து பையில் ஒரு வெற்றுப் போத்தல் வைத்திருக்கிறேன். வெட்டிய நூலெல்லாம் அதற்குள் போகும்.

மூன்றாம் ஞாயிறு வெள்ளவத்தை. ஸ்டேசன் பக்கம் தண்டவாளத்தைக் கடந்து, அலைத்தடுப்புக் கற்களில் நின்று, 20 கிராம் உலோகத் தகட்டு மீனை வீசினேன். ஜப்பானியர் வளர்த்தெடுத்த ஜிக் முறை இது. தகடு பாரமாக இருப்பதால் தூரம் போகிறது. கோலைக் குத்திக் குத்தி இழுத்து, நடுவில் நிறுத்தினால் இலை போலப் புரண்டு விழுகிறது. ஒரு முரல் துரத்தி வந்து திரும்பியது. சூரியன் கட்டடங்களுக்கு மேல் வருமுன் முக்கால் கிலோ அளவில் ஒரு பாரை பட்டது, அதுவும் தகடு விழும்போது. மதியம் அது சொதியானது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: அந்தப் பாதையில் இரு பக்கமும் ரயில் வரும், அலைச் சத்தத்தில் ரயிலின் சத்தம் கேட்பதே இல்லை. தண்டவாளத்தோரமாக நடந்து இடம் தேடுவதை யாரும் செய்யாதீர்கள்.

நான்காம் ஞாயிறு மீண்டும் காக்கைதீவு. வற்றுத் தொடங்கி ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. கோடு தெளிவாகத் தெரிந்தது. பெரியவர் முன்பே வந்திருந்தார். கோட்டுக்கு மேற்பக்கமாக வீசி, நீரோட்டம் ரப்பர் மீனைக் கற்களின் பின்பக்கம் கொண்டுவரும்படி விட்டேன். எண்ணினேன். உயர்த்தினேன். விழ விட்டேன். மூன்றாவது விழுகையில் விரலில் ஒரு ‘டொக்’. கதவை உள்ளிருந்து ஒரு முறை தட்டியது போல. கோலை இழுத்த கணத்தில் தண்ணீர் கிழிந்து கொடுவா வெளியே பாய்ந்தது. செவுளை விரித்துத் தலையை உதறியது.

“கோலைத் தாழ்த்தும்! தாழ்த்தும்!” என்று பெரியவர் கத்தினார்.

தாழ்த்தினேன். மீண்டும் பாய்ந்தது. கல்லை நோக்கி இரண்டு தடவை ஓடியது. முடிச்சு வளையங்களுக்குள் போவதும் வருவதுமாக இருந்தது, வழுகவில்லை. ஐந்து நிமிடத்தில் கற்களுக்கிடையில் உள்ள சிறு மணல் துண்டுக்கு வந்தது. அதன் செவுள் மூடியின் ஓரம் கத்தி போன்றது என்பதால் கையை நனைத்துக்கொண்டு கீழ்த்தாடையைப் பிடித்து, மறுகையால் வயிற்றைத் தாங்கினேன். 68 சென்ரிமீற்றர். சரிந்த வெயிலில் கண் சிவப்பாக மின்னியது.

கொடுவா பெரும்பாலும் ஆணாகவே முதிர்கிறது. சில வருடங்கள் ஆணாக இருந்து, பெரிதான பின்பு பெண்ணாக மாறுகிறது. இப்படியான ஆற்று வாய்களின் உப்பு நீரில்தான் முட்டையிடும். குஞ்சுகள் சதுப்பு நிலங்களுக்குள் போய் வளரும். இங்கே ஆற்றுக்கு வடக்கே முத்துராஜவெலச் சதுப்பு அப்படியோர் இடம். என் கையிலிருந்தது இனித் தாயாகப் போகிற மீன். முள் கழலாமல் தடுக்கும் அதன் செதிலை முன்பே குறடால் நசுக்கியிருந்ததால் சிரமமின்றிக் கழன்றது. நீரோட்டத்துக்கு எதிரே தலையை வைத்துப் பிடித்திருந்தேன். வாலை ஒரு தடவை அசைத்தது. பிறகு பலமாக அடித்து என் முகத்தில் தண்ணீரை இறைத்துவிட்டுப் போனது.

“நல்ல விலைக்குப் போயிருக்கும்,” என்றார் பெரியவர். சற்று நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “பரவாயில்லை. இங்கேதானே நிற்கும்.”

155 ஆம் இலக்க பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பையைக் கட்டத் தொடங்கினேன். ரப்பர் மீன் ஒன்றைத் தர முடியுமா என்று கேட்டார். இரண்டு கொடுத்தேன். தன் கைநூலின் முள்ளையும் ஈயத்தையும் வெட்டிவிட்டு அதைக் கட்டினார். நூலைத் தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றி வீசினார். அது கோட்டுக்கு மிக அருகில் விழுந்தது. நான் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். இருவரும் வாய்விட்டு எண்ணினோம். ஒன்று. இரண்டு. மூன்று.