கல்யாசினில் நீருக்குள் போன மடம்

வோல்கா நதியின் நடுவே தன்னந்தனியாக நிற்கும் மணிக்கோபுரப் படம் இன்று மறுபடியும் கண்ணில் பட்டது. ரஷ்யாவின் கல்யாசின் ஊர். சுமார் 74 மீட்டர் உயரம். மூழ்கிப்போன மடத்தின் கோபுரம் அதுதான் என்றே வெகுநாள் நம்பியிருந்தேன். இல்லை, அது நிக்கோலஸ் பேராலயத்தின் மணிக்கோபுரம்!

15ஆம் நூற்றாண்டில் துறவி மக்காரி நிறுவிய திரித்துவ மடம் அதே ஊரில் ஆற்றங்கரையில் இருந்தது. வோல்காவில் கட்டிய உக்லிச் அணைக்காக 1940 வாக்கில் அதை இடித்துவிட்டு, நீரைத் தேக்கினார்கள். இடிக்கும் முன் 17ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் சிலவற்றை மட்டும் பெயர்த்தெடுத்தார்கள். அவற்றில் பல இன்று மாஸ்கோவின் கட்டடக்கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சுவர் போய்விட்டது, அதன் தோல் மட்டும் மிச்சம்.

என்னை உலுக்கியது வேறொன்று. இன்றைய கர்நாடகத்தின் பீதர்வரை வந்து பாமினி சுல்தானகத்தைப் பார்த்து எழுதிவைத்த ரஷ்ய வணிகர் அஃபனாசி நிக்கித்தின், 1460களின் இறுதியில் தம் ஊரான த்வேரிலிருந்து படகேறியதும் இந்த மடத்துக்குத்தான் வந்தார். மடாதிபதி மக்காரியிடம் ஆசி பெற்றதைத் தம் குறிப்புகளின் தொடக்கத்திலேயே சொல்கிறார். பீதர் கோட்டையை இன்றும் போய்ப் பார்க்கலாம். அவர் ஆசி வாங்கிய மடம்தான் இன்று இல்லை.