இருவரும் ஆயத்தம்

“அவர் போற இடத்துக்கு நானும் போவேன் அண்ணா.”

ஒரு தம்பதியை வெளிநாட்டுக்கு மிஷனெரிகளாக அனுப்பலாமா என்று எங்கள் சபையின் குழு நடத்திய நேர்காணல் அது. மனைவியிடம் நான் கேட்டது, “உங்களுக்கும் இந்த அழைப்பு இருக்கா சிஸ்டர்?” என்று. வந்த பதில் இது. கேட்டதற்கான பதில்தானா இது என்று நான் யோசிக்கும் முன்பே மேசையின் மறுமுனையில் இருந்த தலைவர் ஐயா சிரித்துக்கொண்டே, “ரூத் சொன்ன பதில்!” என்றார், வேதாகமத்து ரூத்தை நினைத்து. எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தார். நான் படிவத்தில் ‘இருவரும் ஆயத்தம்’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அடுத்த கேள்வி கடன் பற்றியது என்று நினைவு.

ஒன்றரை மணி நேர நேர்காணலில் அவருக்குக் கிடைத்தது அந்த இரண்டு நிமிடம். மீதி நேரம் முழுவதும் அவருடைய கணவரிடம்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

பத்து வருடமாவது இருப்பார்கள் என்று அனுப்பினோம். இரண்டு வருடம் ஏழு மாதத்தில் திரும்பி வந்தார்கள். அறிக்கையில் காரணம் ‘குடும்பச் சூழ்நிலை’. அங்கே சிஸ்டருக்கு என்ன ஆனது என்பதை நான் எழுதப்போவதில்லை, அது அவர் சொல்லவேண்டிய கதை. இப்போது நன்றாக இருக்கிறார். அதற்குமேல் வேண்டாம்.

நாங்கள் ஏனோதானோ என்று அனுப்பிய சபை அல்ல. இதை ஏன் முதலில் சொல்லத் தோன்றுகிறது என்று எனக்கே புரிகிறது. இருந்தாலும் சொல்கிறேன். விண்ணப்பத்திலிருந்து பிரதிஷ்டை ஆராதனை வரை எட்டு மாதம் ஆனது. அதற்கு முன்பே நான்கு வருடம் அவர்கள் சபையில் வாலிபர் ஊழியத்தில் இருந்தார்கள். உள்ளூரில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசாதவர் கடல் தாண்டினால் மட்டும் பேசப்போவதில்லை என்பது எங்கள் குழுவின் பழைய வாதம். மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வாங்கினோம். அதில் ஒன்று கணவருக்குக் கீழே வேலை பார்த்த ஒருவரிடமிருந்து, ஏனென்றால் மேலே இருப்பவர்களுக்கு எல்லோருமே நல்லவர்களாகத்தான் தெரிவார்கள். மருத்துவப் பரிசோதனை, மனநல மதிப்பீடு, கடன் விவரம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பார்த்தோம். களத்தில் யாருக்குக் கணக்குக் கொடுப்பது, திரும்பி வா என்று சொல்லும் அதிகாரம் சபைக்கா மிஷனெரி ஸ்தாபனத்துக்கா என்பதைக்கூட ஒப்பந்தத்தில் எழுதினோம். பல சபைகள் அதை எழுதுவதில்லை, பிரச்சினை வந்த பிறகுதான் இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். மாதாந்தர ஆதரவில் 90 சதவீதம் உறுதியாகும் வரை பயணச்சீட்டு எடுக்கவில்லை. திரும்பி வரும் செலவுக்குத் தனி நிதிகூட ஒதுக்கி வைத்தோம். (அந்த நிதியை இவ்வளவு சீக்கிரம் எடுப்போம் என்று யாரும் நினைக்கவில்லை.)

அப்போஸ்தலர் 13ஆம் அதிகாரம்தான் எங்களுக்கு மாதிரி. அந்தியோகியாவில் பர்னபாவும் சவுலும் (பின்னாளில் பவுல்) தாங்களாகவே மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பவில்லை. சபை உபவாசித்து ஜெபித்து, அவர்கள்மேல் கைகளை வைத்து அனுப்பியது. அழைப்பு ஒரு மனிதருக்குள் மட்டும் கேட்கும் குரல் அல்ல, சபைக்கும் அது கேட்கவேண்டும். புதுக் குழு உறுப்பினர்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன். அந்த இரண்டு பேருக்கும் மனைவி இருந்தார்களா, இருந்திருந்தால் அவர்களிடம் யார் கேட்டார்கள் என்பதெல்லாம் அந்தப் பாடத்தில் வராது.

மனநல மதிப்பீட்டில் சிஸ்டரைப் பற்றி ஒரு வரி இருந்தது. புது இடத்தில் ஒதுங்கிக்கொள்ளும் இயல்பு உண்டு, நெருக்கமான தோழமை தேவை என்று. அதை நாங்கள் படித்தோம். படித்துவிட்டு, ‘அதற்காக ஜெபிப்போம்’ என்று குறிப்பில் சேர்த்தோம்.

திரும்பத் திரும்ப ரூத்திடம்தான் வந்து நிற்கிறேன். தலைவர் ஐயாவின் சிரிப்பில் தவறில்லை, நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் பிறகு ஒருநாள் ரூத்தின் முதல் அதிகாரத்தை வேறொரு காரியத்துக்காக எடுத்தபோதுதான் உறைத்தது. ‘நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன்’ என்பதை ரூத் கணவனிடம் சொல்லவில்லை. கணவன் இறந்துபோயிருந்தான். மாமியாரிடம் சொன்னாள். அதுவும் எப்போது? நகோமி நான்கு தடவை ‘திரும்பிப் போ’ என்று சொன்ன பிறகு. கூட இருந்த ஒர்பாள் முத்தமிட்டுத் திரும்பிப் போயும் விட்டாள், அவளை அந்தப் புத்தகம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. போகாமல் இருக்க வழி இருந்தும் போனவள் ரூத். நாங்கள் சிஸ்டரிடம் ஒரு தடவைகூட ‘திரும்பிப் போகலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டோம்’ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார் என்று பல நாள் தோன்றுகிறது. சில நாள் தோன்றுவதில்லை.

இதில் மன்னிப்பே இல்லாத இடம் ஒன்று உண்டு. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த மிஷனெரி வில்லியம் கேரியின் கதை எனக்குத் தெரியும். மிஷனெரி ஞாயிறுகளில் நானே அதைச் சொல்லியிருக்கிறேன். சுரங்கத்துக்குள் இறங்குகிறவரைப் போல, ‘நான் இறங்குகிறேன், நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று அவர் நண்பர்களிடம் சொன்னதாக, அந்த நண்பர்களில் ஒருவரான ஆண்ட்ரூ ஃபுல்லர் நினைவுகூர்ந்தாரே, அந்தப் பகுதியை. அந்தக் கயிற்றை வைத்து எத்தனை காணிக்கை எடுத்திருப்போம்!

டாரதியின் பகுதியை நான் சொன்னதில்லை. 1793இல் கேரி கிளம்ப முடிவுசெய்தபோது மனைவி டாரதி வரமாட்டேன் என்று சொன்னார். கர்ப்பிணி. வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத பெண், திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் குறி போட்டவர். கேரி மூத்த மகனை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கப்பல் சிக்கலில் பயணம் தள்ளிப்போனது. அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. மறுபடி போய்க் கேட்டார்கள், மறுபடியும் மாட்டேன் என்றார். கூடப் போகவிருந்த ஜான் தாமஸ் இன்னொரு முறை வீட்டுக்குள் போய், இப்போது வராவிட்டால் வாழ்நாள் முழுவதும் வருத்தப்படுவாய் என்று சொன்ன பிறகுதான் மனம் மாறினார். அதுவும் ஒரு நிபந்தனையோடு: தங்கை கிட்டியும் கூட வரவேண்டும்.

வந்தாள். வந்த கொஞ்ச காலத்தில் கிட்டிக்கு அங்கேயே சார்லஸ் ஷார்ட் என்பவரோடு உறவு ஏற்பட்டது. 1794இல் கேரி குடும்பம் வங்காளத்திலேயே முத்னாபாட்டி என்ற ஊருக்கு இடம் மாறியபோது அவள் கூடப் போகவில்லை. அந்த வருடமே ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். அதற்குப் பிறகு டாரதியின் மனம் சீராகவே இல்லை. 1807இல் இறந்தார். முதல் ஞானஸ்நானத்துக்குக் கேரி ஏழு வருடம் பொறுமையோடு காத்திருந்ததைப் பிரசங்கத்தில் சொல்வோம். அதே ஏழு வருடம் டாரதிக்கு எப்படிப் போனது என்று சொல்வதில்லை. கயிறு கேரியின் இடுப்பில்தானே கட்டியிருந்தது.

சரி, இதையெல்லாம் தெரிந்தவன்தான் அந்தப் படிவத்தை நிரப்பினேன்.

இதைவிட மோசமாக என்னை உறுத்துவது வேறொன்று. இவ்வளவு நாள் அந்த முதல் பதிலையே உருட்டிக்கொண்டிருந்ததில் இது எனக்கு மறந்தே போயிருந்தது. நேர்காணல் முடிந்து எல்லோரும் எழுந்தபோது சிஸ்டர் ஒரு கேள்வி கேட்டார். அந்த நேர்காணலில் அவர் தானாகக் கேட்ட ஒரே கேள்வி.

“அங்க நம்ம பாஷை பேசுறவங்க யாராவது இருப்பாங்களா அண்ணா?”

“மொழிப் பயிற்சி முதல் வருஷமே முடிஞ்சிடும் சிஸ்டர்,” என்றேன். “அப்புறம் அந்த பாஷையிலயே கனவு காணுவீங்க.”

நல்ல பதில் என்றுதான் நினைத்தேன். அவர் தலையாட்டினார். இப்போது பார்த்தால், டாரதி கேட்ட தங்கையைத்தான் இவரும் கேட்டிருக்கிறார். நான் பாடத்திட்டத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

போன பிறகு நாங்கள் தாங்கவில்லையா என்றால், தாங்கினோம். பணம் ஒரு மாதம்கூடத் தாமதமாகவில்லை. வெள்ளிக்கிழமை ஜெபத்தில் அவர்கள் பெயர் ஒருமுறையும் விடுபடவில்லை. ஜெபக் கடிதம் மூன்று மாதத்துக்கு ஒன்று வந்தது. பாதுகாப்புக்காக ஊர்ப் பெயர்களை எடுத்துவிட்டு அச்சடித்துக் கொடுப்பேன். மாதம் ஒருமுறை வீடியோவில் பேசுவோம். அந்த அழைப்புகளை நினைத்துப் பார்க்கிறேன். பிரதரிடம் நாற்பது நிமிடம்: எத்தனை பேர் கூடுகிறார்கள், வீட்டுக் கூடுகை எப்படி, விசா புதுப்பிப்பு என்ன ஆயிற்று. கடைசியில் சிஸ்டர் திரைக்குள் வருவார். “நல்லா இருக்கீங்களா சிஸ்டர்? உங்களுக்காக ஜெபிக்கிறோம்.” “நல்லா இருக்கோம் அண்ணா. தேங்க்ஸ்.” அவ்வளவுதான். குழுவில் இருந்த ஒரே அக்காவிடம், நீங்கள் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அது என் வேலை. செயலாளர் என்ற பெயரில் சபை எனக்குச் சம்பளம் கொடுப்பது இந்த மாதிரி விஷயங்கள் தோன்றுவதற்குத்தான்.

1990களில் உலக அளவில் 14 நாடுகளின் மிஷனெரி ஸ்தாபனங்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். வருடத்துக்குச் சுமார் 5 சதவீதம் பேர் களத்தை விட்டு வருகிறார்கள், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவை தவிர்த்திருக்கக்கூடியவை என்று அதில் வந்தது. அந்த எண்ணைப் பயிற்சி வகுப்பில் பலகையில் எழுதியிருக்கிறேன். எழுதும்போது, தவிர்த்திருக்கக்கூடியது என்றால் யாரோ ஒருவர் தவிர்த்திருக்கவேண்டியது என்று எனக்குப் படவில்லை.

ஆனால் எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லாமல் இருக்க முடியாது. மிஷனெரியாகப் போக விரும்பிய ஏமி கார்மைக்கேலை, சீனா இன்லண்ட் மிஷன் என்ற ஸ்தாபனம் உடல்நிலையைக் காரணம் காட்டி அனுப்பவில்லை. கவனமான குழு, கவனமான முடிவு. அவர் 1895இல் இந்தியாவுக்கு வந்து, ஒருமுறைகூட விடுமுறைக்குத் தாய்நாட்டுக்குத் திரும்பாமல், 1951இல் டோனாவூரில் இறந்தார். ஒரு வரி மதிப்பீட்டை வைத்து சிஸ்டரை நிறுத்தியிருந்தால் நாங்களும் அப்படி ஒரு குழுவாகியிருப்போமோ? வேதாகமத்திலும், முதல் ஊழியப் பயணத்தில் பாதியில் திரும்பிய மாற்குவை மறுபடி கூட்டிப்போகலாமா என்பதில் பவுலும் பர்னபாவுமே பிரிந்துபோனார்கள். அதே பவுல் கடைசிக் கடிதத்தில், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமானவன் என்று எழுதுகிறார். ஆட்களைக் கணிப்பதில் பவுலுக்கே இந்தக் கதி.

அந்த அக்காவிடம் இதையெல்லாம் ஒருநாள் கொட்டினேன். அவர் கொஞ்சம் கோபமாகவே பேசினார். “என் வீட்டுக்காரர் ஊழியத்துக்கு வந்தப்போ நானும் இதேதான் சொன்னேன் தம்பி. அவர் போற இடத்துக்குப் போவேன்னு. அது என் முடிவு. இப்ப நீங்க அதை முடிவே இல்லைன்னு சொன்னா, எனக்கு மூளை இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கு.” நான் வாயை மூடிக்கொண்டேன். போகும்போது அவரே திரும்பி, “ஆனா எங்க அம்மா பக்கத்துத் தெருவுலதான் இருந்தாங்க” என்றார்.

திரும்பி வந்து ஆறு வாரம் கழித்து அவர்களுடன் உட்கார்ந்து பேசினோம். களத்திலிருந்து வருகிற எல்லோருடனும் அப்படிப் பேசுவது வழக்கம். அதற்குக் கேள்விகள் உண்டு, பெரும்பாலும் பிரதர்தான் பதில் சொன்னார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை, தன்னைத்தான் சொல்லிக்கொண்டார். முடிகிற நேரத்தில் சிஸ்டர் மேசையில் இருந்த கோப்பைப் பார்த்துக் கேட்டார்.

“அன்னிக்கு நான் என்ன சொன்னேன் அண்ணா? எனக்கு ஞாபகமே இல்ல. இதுல எழுதியிருக்கா?”

நான் பக்கத்தைத் திருப்பினேன். என் கையெழுத்து. “ஆயத்தம்னு எழுதியிருக்கு சிஸ்டர்.”

“அப்படியா,” என்றார்.

அந்த ‘அப்படியா’வில் கோபம் இருந்ததா, வருத்தமா, அல்லது வெறும் அப்படியாதானா என்று இன்றுவரை பிடிபடவில்லை. அவர் சொன்ன வார்த்தைகள் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருந்தன. அதைச் சொல்லியிருக்கலாம். கோப்பில் இருந்ததை வாசித்தேன்.

இப்போது முறையை மாற்றியிருக்கிறோம். கணவன், மனைவி இருவரையும் தனித்தனியாகப் பார்க்கிறோம். மனைவியிடம் அக்காவும் இன்னொரு சகோதரியும் பேசுகிறார்கள், நான் ஓரமாக உட்கார்ந்து எழுதுகிறேன். வேண்டாம் என்றால் அது யாருடைய காதுக்கும் போகாது, குழு வேறு காரணம் சொல்லித் தள்ளிவைக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பொய்தான். அந்தப் பொய்யைப் பற்றி குழுவில் ஒரு மணி நேரம் வாதாடினோம், நான் அதற்கு ஆதரவாக வாக்களித்தேன்.

போன மாதம் ஒரு தம்பதி வந்தார்கள். அந்தப் பெண்ணிடம் கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டோம். திரும்பிப் போகலாம் என்று மூன்று விதமாகச் சொன்னோம். கடைசியில் நிதானமாக, சிரித்த முகத்தோடு சொன்னார்: “அவர் எங்க போனாலும் நான் கூடப் போவேன்.”

இந்தத் தடவை அவர் சொன்னதை அப்படியே, மேற்கோள் குறிக்குள் எழுதினேன். முழுக் குழு கூடியபோது தலைவர் ஐயா படிவத்தை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, இதை ஆமான்னு எடுத்துக்கிறதா, இல்லைன்னு எடுத்துக்கிறதா?”

அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.