தூண்டில்காரருக்கு என்ன குறிச்சொல்?

படங்களைப் பார்த்து, அவற்றில் இருப்பதற்குக் குறிச்சொல் போடும் வேலை எனக்கு. அப்படி நான் போட்ட ஒரு குறிச்சொல் இரண்டு வருடமாக உறுத்துகிறது.

படம் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1643-இல் செய்த ‘மூன்று மரங்கள்’. அவருடைய நிலக்காட்சி அச்சுப்படங்களிலேயே பெரியது இதுதான். அதுவே கிட்டத்தட்ட 21-க்கு 28 செ.மீ. மரங்களால் எனக்குச் சிரமமில்லை. மூன்று சிலுவைகள் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். இடது மூலையில் சாய்கோடுகளாக இறங்கும் மழையும் அதற்கு ஒத்துவந்தது. ‘சமயக் குறியீடு’ என்று போட்டுவிட்டு நகர்ந்தேன்.

ஆட்களிடம்தான் மாட்டிக்கொண்டேன். இடப்பக்கம் நீரோரத்தில் தூண்டில் போடும் ஒருவர், பக்கத்தில் ஒரு பெண். வலப்பக்க மேட்டில் உட்கார்ந்து வரையும் ஓவியர், எறும்பளவு. கீழே புதர் இருட்டுக்குள் ஒரு காதல் ஜோடி. பெரிதாக்கிப் பார்க்காவிட்டால் தெரியவே தெரியாது. தூண்டில்காரருக்கு ‘உழைப்பு, ஏழை’, ஓவியருக்கு ‘ஓய்வு’ என்று போட்டு அனுப்பினேன்.

சரிபார்க்கும் மேடம் கூப்பிட்டார்.

“அவர் ஏழைன்னு யார் சொன்னது?”

“கையில தூண்டில் இருக்கே மேடம்.”

“மேல இருக்கிறவர் கையிலயும்தான் பென்சில் இருக்கு. அவருக்கு மட்டும் ஏன் ஓய்வு?”

பதில் வரவில்லை. மீன் பிடிப்பதை ஆம்ஸ்டர்டாம்காரர்கள் அந்தக் காலத்தில் பொழுதுபோக்காகவும் வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. படத்தின் பின்னால் தொலைவில் தெரிவதும் அந்த நகரம்தான். அங்கிருந்து காற்று வாங்க வந்தவராகவும் அவர் இருக்கலாம். சரி என்று அவருக்கும் ‘ஓய்வு’ போட்டேன். வேலை முடிந்தது.

ஆனால் முழுத் தப்பும் என்னுடையதா? பட்டியலில் இருந்ததே அந்த இரண்டு கட்டம்தான். எங்கள் தாத்தா வயலில் இருந்து வந்ததும் குளத்துக்குத் தூண்டிலோடு கிளம்பிவிடுவார். கிடைத்தால் மீன்குழம்பு, இல்லாவிட்டால் ரசம். அது உழைப்பா, ஓய்வா? கேட்டிருந்தால், “வீட்டுல சத்தம் தாங்கல” என்றிருப்பார். மேடத்திடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் தாத்தாவை வைத்து டச்சுக்காரரை அளக்கிறேன் என்பார், அதுவும் நியாயம்தான். அப்புறம், ஓவியர் விஷயத்தில் என்னிடம் எந்தச் சாக்கும் இல்லை. உட்கார்ந்து படம் வரைகிறவனை வேலையற்றவன் என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லி எனக்கும் அது ஒட்டியிருக்கிறது. அவர் குறிச்சொல்லை மட்டும் நான் கடைசிவரை மாற்றவில்லை.

தூண்டில்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு என்ன போட்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. மேடமும் கேட்கவில்லை.