பாயான் லெப்பாஸ்ல ஒரு ஸ்டேஷனுக்கு ஸ்டாண்டர்ட் டைம் போட்ட அனுபவம்

ஐஇ (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) வேலைக்கு புதுசா வர்ற தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் டைம் ஸ்டடி, அதாவது ஒரு வேலைக்கு எவ்ளோ நேரம் ஆகணும்னு அளந்து ஸ்டாண்டர்ட் டைம் போடறது, எப்படி பண்றதுன்னு கேக்கறாங்க, அதனால நான் கடைசியா பண்ணி முடிச்ச ஒண்ண முழுசா எழுதறேன். மலேசியாவுல பினாங்கு பாயான் லெப்பாஸ் ஏரியாவுல ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி, பேரு வேணாம்.

வேற நாட்டு பிளாண்ட்ல இருந்து ஒரு ப்ராடக்ட் எங்களுக்கு டிரான்ஸ்ஃபர் ஆகி வந்துச்சு. கஸ்டமருக்கு கோட் (விலைப்புள்ளி) பண்ணும்போதே அசெம்பிளி ஸ்டேஷனுக்கு மணிக்கு 70 பீஸ்னு எழுதி குடுத்துட்டாங்க, அதுக்கப்பறம் தான் எங்கிட்ட வந்து ஸ்டாண்டர்ட் டைம் போட்டு குடு, 70 வந்துடும்லன்னு கேட்டாங்க. பதில முன்னாடியே எழுதி வச்சுட்டு அளக்க சொன்னா அது அளவே இல்ல. அளந்து பாத்து சொல்றேன்னு மட்டும் சொல்லிட்டு லைனுக்கு போயிட்டேன்.

வேலை இது தான். போர்ட எடுத்து பிளாஸ்டிக் கேசிங்ல உக்கார வைக்கணும், டார்க் டிரைவர்ல (குறிச்ச இறுக்கம் வந்ததும் விட்டுடற ஸ்க்ரூடிரைவர்) நாலு ஸ்க்ரூ, லேபிள் ஒட்டணும், ஒரு பார்வை பாத்து கன்வேயர்ல வைக்கணும். எல்லாம் நின்னுக்கிட்டே. அந்த ஸ்டேஷன்ல நிபோங் தெபால்ல இருந்து ஃபேக்டரி பஸ்ல வர்ற ஒரு அக்கா ரொம்ப வருஷமா லைன் பாக்கறாங்க. மொத நாள் வாட்ச்சே எடுக்கல, அக்கா உங்கள டெஸ்ட் பண்ண வரல, இந்த வேலைக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு தான் பாக்கறேன், எழுதறதெல்லாம் உங்களுக்கும் காட்டுவேன்னு சொன்னேன். பக்கத்து ஸ்டேஷன் மலாய் காக்குக்கும் (அக்காவுக்கும்) லைன் லீடர் அண்ணனுக்கும் இதையே சொன்னேன். தூண் பின்னாடி நின்னு ஒளிஞ்சு அளக்கறவங்கள நான் பாத்திருக்கேன், அப்படி எடுக்கற நம்பர ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. 1911ல அமெரிக்காவுல வாட்டர்டவுன் ஆயுத தொழிற்சாலைல மோல்டிங் தொழிலாளிங்க ஸ்டாப்வாட்ச்ச பாத்ததும் வேலைய போட்டுட்டு வெளிய நடந்தாங்க, விஷயம் அமெரிக்க காங்கிரஸ் விசாரணை வரைக்கும் போச்சு. நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் வாட்ச்ச பாத்தா கை பதறறது மாறல, அத மதிச்சு தான் லைனுக்குள்ள போகணும்.

சும்மா நின்னு பாத்ததுல தான் பெரிய விஷயம் கிடைச்சுச்சு. அக்கா போர்ட கேசிங்ல வச்சதும் ஸ்க்ரூ எடுக்கல, வலது கை கட்டவிரலால ஒரு மூலைல ரெண்டு தட்டு தட்டறாங்க, இடது கை சுண்டு விரலால எதிர் மூலைய அழுத்தி பிடிச்சுக்கறாங்க. எஸ்ஓபில (வேலை முறைய எழுதி வச்ச பேப்பர்) இந்த தட்டே இல்ல. ஏன்க்கான்னு கேட்டா, தட்டலன்னா போர்டு தூக்கிக்கும்பா, நாலாவது ஸ்க்ரூ கோணலா போயிடும்னு சொன்னாங்க. கேசிங்க கையில வாங்கி நகத்தால தடவி பாத்தேன், ஓரத்துல மெல்லிசா பிசிறு, மோல்டுல (கேசிங் வார்க்கற அச்சு) வந்த பிசிறு. எஸ்ஓபிய பாத்து தட்டு இல்லாம டைம் போட்டிருந்தா பேப்பர்ல அழகா இருந்திருக்கும், லைன்ல ரிஜெக்ட் குவிஞ்சிருக்கும். அதனால மொதல்ல எஸ்ஓபிய திருத்தி, கியூசி (தர பரிசோதனை) கிட்ட கையெழுத்து வாங்கி, அதுக்கப்பறம் தான் அளக்க ஆரம்பிச்சேன். முறை முடிவாகாம டைம் எடுக்கவே எடுக்காதீங்க.

அளக்கும்போது வேலைய துண்டு துண்டா பிரிக்கணும், ஒவ்வொரு துண்டும் எங்க முடியுதுன்னு கண்ணுக்கோ காதுக்கோ தெளிவா தெரியணும். டார்க் டிரைவர் டார்க் எட்டினதும் 'டக்'னு விடும்ல, அந்த நாலாவது டக் தான் எனக்கு ஸ்க்ரூ எலிமெண்ட்டோட முடிவு. வாட்ச்ச ஒவ்வொரு தடவையும் ஜீரோ பண்ணாம ஓடவிட்டு தான் படிச்சேன், அப்படி படிச்சா நடுவுல ஸ்க்ரூ கீழ விழுந்தது, லீடர் வந்து பேசினது எல்லாமே ஷீட்ல பதிவாகிடும், எதையும் ஒளிக்க முடியாது. ஒரு பீஸ முழுசா முடிக்கறது ஒரு சைக்கிள். மொதல்ல பத்து சைக்கிள் எடுத்து எவ்ளோ ஏறி இறங்குதுன்னு பாத்து, 95 சதவீத நம்பிக்கைல பிளஸ் மைனஸ் 5 சதவீதத்துக்குள்ள வர்றதுக்கு எத்தன சைக்கிள் வேணும்னு ஃபார்முலால போட்டு மீதிய எடுத்தேன். வேற ஷிஃப்ட், வேற ஆப்பரேட்டர், ஓட்டி (ஓவர்டைம்) நேரம் எல்லாத்துலயும் எடுத்தேன். சராசரி 48 வினாடி வந்துச்சு.

இந்த 48ஐ பாத்த உடனே தான் மேல இருக்கறவங்களுக்கு சந்தோஷம். 3600ஐ 48ஆல வகுத்தா 75, பாத்தியா 70ஐயே தாண்டுதேன்னு. இங்க தான் நெறைய பேர் நிறுத்திடறாங்க, இது தான் எனக்கு கோவம் வர்ற இடம். 48 அந்த கைங்க அன்னிக்கு ஓடின ஓட்டம், நாள் முழுக்க வருஷம் முழுக்க ஓடக்கூடிய ஓட்டம் இல்ல.

மொதல்ல ரேட்டிங், அதாவது அவங்க வேகத்த சாதாரண வேகத்தோட ஒப்பிட்டு போடற சதவீதம். வாட்ச் முன்னாடி கை வேகமா போகும், அதுவும் இவங்க அனுபவசாலிங்க. ரேட்டிங் கண்ண பழக்கறதுக்கு சீட்டுக்கட்டு பயிற்சி ஒண்ணு இருக்கு, 52 சீட்ட நாலு குவியலா அரை நிமிஷத்துல போட்டா அது நார்மல் 100, மணிக்கு 3 மைல் நடக்கற வேகமும் அதே தான். பிரிட்டிஷ் ஸ்கேல்ல 100ன்னா அதே சீட்ட 0.375 நிமிஷத்துல போடணும், நடை மணிக்கு 4 மைல். ரெண்டுக்கும் பேரு 100, வேகம் வேற. வேற பிளாண்ட் நம்பர் கைக்கு வந்தா எந்த ஸ்கேல்னு மொதல்ல கேளுங்க. நான் நார்மல் ஸ்கேல்ல இவங்களுக்கு 110 போட்டேன், இன்னொரு ஐஇ பொண்ணும் தனியா வந்து பாத்து கிட்டத்தட்ட அதே தான் போட்டாங்க. 48ஐ 1.10ஆல பெருக்கினா 52.8.

அப்பறம் ஒவ்வொரு சைக்கிள்லயும் வராத வேலை. 20 பீஸுக்கு ஒரு தடவ ட்ரே மாத்தி ஸ்க்ரூ ரொப்பணும், அதுக்கு ரேட்டிங் போட்டு 44 வினாடி, பீஸுக்கு 2.2. இத விட்டுட்டா ஆப்பரேட்டர் தன் மூச்சுல இருந்து தான் அந்த நேரத்த எடுக்கணும். கூட்டினா 55 வினாடி.

சந்தேகத்துக்கு மோஸ்ட் (அசைவுகள வச்சு நேரம் கணிக்கற முறை) முறையிலயும் சில துண்டுகள செக் பண்ணேன். அதுல வாட்ச்சும் வேண்டாம் ரேட்டிங்கும் வேண்டாம், அசைவுக்கு ஒரு எண் இருக்கு. கைக்கெட்டின தூரத்துல இருக்கறத எடுத்து கொஞ்சம் சரிபாத்து வைக்கறதுன்னா கை நீட்ட 1, பிடிக்க 1, கொண்டு போக 1, வைக்க 3, கூட்டினா 6, பத்தால பெருக்கி 60 டிஎம்யூ (அந்த முறையோட நேர அலகு). ஒரு டிஎம்யூ 0.036 வினாடி, ஆக 2.16 வினாடி. என் அளவோட நல்லாவே ஒத்துப்போச்சு.

சண்டை அலவன்ஸ்ல தான், அதாவது ஓய்வுக்கும் தவிர்க்க முடியாத தாமதத்துக்கும் மேல கூட்டற சதவீதம். ஐஎல்ஓ (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) கையேட்டுல உதாரணமா ஒரு டேபிள் இருக்கு, சொந்த தேவைக்கு ஆம்பளைங்களுக்கு 5 பொம்பளைங்களுக்கு 7 சதவீதம், அடிப்படை களைப்புக்கு 4, நின்னு வேலை செஞ்சா 2, பொம்பளைங்களுக்கு 4. அது சட்டம் இல்ல, வழிகாட்டி தான், ஆனா என் லைன்ல ஆப்பரேட்டருங்க அத்தன பேரும் பொம்பளைங்க, ஷிஃப்ட் முழுக்க நிக்கறாங்க, அதனால 15 போட்டேன். மீட்டிங்ல மேனேஜர், டீ ரெஹாட் (டீ பிரேக்) தான் ரெண்டு தடவ குடுக்கறோமே அப்பறம் எதுக்கு 15ன்னு கேட்டார். கேள்வி நியாயம் தான், டீ நேரமும் களைப்பு தீர தான், அத ரெண்டு இடத்துல கணக்கு பண்ணக்கூடாது. ஆனா எங்க பிளானிங் ஷீட்ல ஷிஃப்ட் நிமிஷத்துல இருந்து டீ நேரம் ஏற்கனவே கழிக்கப்படல. அப்ப அந்த 15க்குள்ள தான் டீயும் இருக்கு, ஒரே இடத்துல தான் இருக்குன்னு ஷீட்ட விரிச்சு காட்டினேன். மதிய சாப்பாடு இதுல சேராது, அஞ்சு மணி நேரம் தொடர்ந்து வேலை வாங்கினா அரை மணி ஓய்வு குடுக்கணும்ங்கறது மலேசிய எம்ப்ளாய்மெண்ட் ஆக்ட். டாய்லெட்டும் சூராவும் (தொழுகை அறை) லைன்ல இருந்து எவ்ளோ தூரம்னு அவரையே கூட்டிட்டு போய் நடந்து காட்டினேன், அதுக்கப்பறம் 7 சதவீதத்த பத்தி அவர் பேசல.

காத்திருப்பு நேரத்துக்கு ஊகமா ஒரு நம்பர் போட எனக்கு மனசு வரல, வொர்க் சாம்ப்ளிங் பண்ணேன். 1930கள்ல இங்கிலாந்து துணி மில்லுங்கள்ல டிப்பெட்ங்கற புள்ளியியல் நிபுணர் கொண்டு வந்த முறை, முன்கூட்டி குலுக்கி எடுத்த நேரத்துல லைன ஒரு பார்வை பாத்து வேலையா சும்மாவான்னு குறிக்கறது தான். காத்திருப்பு 10 சதவீதம் இருக்கும்னு வச்சு பிளஸ் மைனஸ் 3க்கு கணக்கு போட்டா 400 பார்வை. அதே மாதிரி 10 தான் வந்துச்சு, ஆனா அதுல 7 டிராலி லேட்டா வர்றது. அத அலவன்ஸ்ல ஒளிச்சு வைக்கக்கூடாது, ஸ்டோர் சரி பண்ணணும். மீதி 3 யாராலயும் தவிர்க்க முடியாதது, அத மட்டும் சேத்தேன். மொத்தம் 18.

55ஐ 1.18ஆல பெருக்கினா 64.9 வினாடி, மணிக்கு 55 பீஸ். 70 கேட்ட இடத்துல 55. ரொம்ப நேரம் யாரும் ஒண்ணும் பேசல, அப்பறம் ஃபைனான்ஸ்ல இருந்து வந்தவங்க ஒவ்வொரு வரியா கேட்டாங்க, ஒவ்வொரு வரிக்கும் ஷீட் இருந்துச்சு. 70க்கு ஓடவிட்டா ரிஜெக்டும் மணிக்கட்டு வலி எம்சியும் (மெடிக்கல் லீவும்) எங்க போய் நிக்கும்னு லைன் லீடர் அண்ணனே எழுந்து பேசினார். 55 பாஸ் ஆச்சு, கோட்ல வர்ற இடைவெளிக்கு இன்னொரு ஸ்டேஷன் போட்டாங்க, டிராலிக்கு ஸ்டோர்ல நேரம் ஃபிக்ஸ் பண்ணாங்க. ஷீட்ட அக்கா கிட்ட கொண்டு போய் காட்டினேன், நம்பர்லாம் விட்டுட்டு எலிமெண்ட் லிஸ்ட்ல தட்டு இருக்கான்னு தான் மொதல்ல விரல் வச்சு தேடினாங்க.

கொஞ்ச மாசம் கழிச்சு மோல்டு வெண்டர் பிசிற சரி பண்ணி அனுப்பினான். முறை மாறினா டைமும் மாறணும், அது ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான நியாயம், அதனால மறுபடி வாட்ச்சோட போனேன். தட்டுக்கு 1.5 வினாடி எழுதியிருந்தேன், ரேட்டிங் அலவன்ஸ் சேத்து கிட்டத்தட்ட 2 வினாடி குறைஞ்சு மணிக்கு 57 ஆச்சு. போர்டுல 55ஐ அழிச்சு 57 எழுதினப்ப லைன்ல ஒருத்தர் கூட எதுக்குன்னு கேக்கல, எந்த ரெண்டு வினாடி போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்.