கெட்டிலின் அடியில் இரண்டு எண்கள்

எங்கள் வீட்டுக் கெட்டிலின் அடிப்பக்கத்தில் "220–240 வோல்ட், 1850–2200 வாட்" என்று அச்சிட்டிருக்கிறது. உயர்நிலை மூன்றில் இயற்பியல் படிக்கும் என் மகள் சென்ற வாரம் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "ஒரே கெட்டிலுக்கு எப்படி அப்பா இரண்டு திறன் இருக்கும்?" என்று கேட்டாள். மிக நல்ல கேள்வி. பயிற்சிக் கணக்குகளில் திறன் பெரும்பாலும் ஒற்றை எண்ணாகவே தரப்படுவதால், அது பொருளின் மாறாத குணம் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் ஊன்றிவிடுகிறது.

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் திறன். இவற்றை இணைத்துப் பார்த்தால், மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் திறனால் வகுத்தாலும் மின்தடை கிடைக்கும் என்பது விளங்கும். 220-இன் வர்க்கம் 48,400. அதை 1850-ஆல் வகுத்தால் 26.16 ஓம். 240-இன் வர்க்கம் 57,600. அதை 2200-ஆல் வகுத்தால் 26.18 ஓம். இரண்டு விடைகளும் ஒன்றாக வந்ததைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன். கெட்டிலுக்கு உரியது அந்த 26 ஓம். திறனோ நாம் கொடுக்கும் மின்னழுத்தத்தைப் பொறுத்தது. சிங்கப்பூரின் 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 2020 வாட்டாகவும், மின்னோட்டம் 8.8 ஆம்பியராகவும் இருக்கும். அமெரிக்காவில் 120 வோல்ட்டுக்கென விற்கப்படும் சூடேற்றும் கருவியை இங்கே அப்படியே செருகக் கூடாது என்பதற்கும் காரணம் இந்த வர்க்கந்தான்: மின்னழுத்தம் இருமடங்கைக்கூட எட்டாதபோதே திறன் மூன்றரை மடங்கைத் தாண்டிவிடும்.

கணக்கோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. செருகியைச் சுவரிலிருந்து கழற்றி, கெட்டிலின் விசையை மட்டும் அழுத்திவிட்டு, நிலத்தொடர்புக்குரிய நீண்ட முள்ளைத் தொடாமல், மற்ற இரண்டு முட்களுக்கிடையே, மின்தடையை அளக்கும் மல்ட்டிமீட்டரை வைத்தோம். அது 26.4 ஓம் காட்டியது. மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்தபோது 0.3 காட்டியதால், மீட்டரின் கம்பிகளுக்கே உரிய அந்த மின்தடையைக் கழித்து 26.1 என்று குறித்துக்கொண்டோம். கெட்டிலின் வெப்பச் சுருள்களுக்குப் பெரும்பாலும் பயன்படும் நிக்ரோம் கலவையின் மின்தடை, சூடேறினாலும் சிறிதளவே கூடும் என்பதால், குளிர்ந்த நிலையில் அளந்ததும் கணக்கில் வந்ததும் இவ்வளவு நெருங்கி நின்றன.

இந்த நெருக்கத்தை எல்லாப் பொருளிலும் எதிர்பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, பழைய மேசை விளக்கிலிருந்த 60 வாட் டங்ஸ்டன் பல்பையும் எடுத்து வந்தேன். 230 வோல்ட்டுக்குக் கணக்கிட்டால் அதன் மின்தடை 880 ஓமுக்குச் சற்று மேல். மீட்டரோ 65 ஓம்தான் காட்டியது. மகள் அந்த 65-ஐ வைத்தே திறனைக் கணக்கிட்டு, 800 வாட்டுக்கு மேல் வருகிறதே என்று திகைத்தாள். அவள் கணக்கில் பிழையே இல்லை. ஒளிரும்போது இழையின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதால் மின்தடை பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்துவிடுகிறது. விசையைப் போடும் அந்த முதல் கணத்தில் மட்டும் இழை குளிர்ந்திருப்பதால், வழக்கமான 0.26 ஆம்பியருக்குப் பதிலாக மூன்று ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் அதனுள் பாய்கிறது. தேய்ந்துபோன பல்புகள் பெரும்பாலும் எரிந்துகொண்டிருக்கையில் அன்றி, விசையைப் போடும்போதே இழையறுந்து போவது இதனால்தான்.