ஹிஸ்ட்ரி சேரும் குகைச் சுவரும்

பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு கமிட்டி ஆக்கள் கேட்டவை. பிக் மேட்ச், கன்டீன் ரோல்ஸ் எல்லாம் மற்ற ஆக்கள் எழுதுவினம், நான் எங்கட ஹிஸ்ட்ரி சேரைப் பற்றி எழுதுறன் (பேர் போடேல்லை, அவருக்குப் பிடிக்காது).

புத்தகத்தில ஆதிமனிதனுக்கு ரெண்டு பக்கம்தான், சேர் அதிலயே ஒரு தவணை நிண்டார். பிரான்ஸில ஆதிமனிதன் சுவரில படம் கீறின லாஸ்கோ குகையை 1940 இல கண்டுபிடிச்சது ப்ரொபெசர்மார் இல்லை, நாலு பொடியன்கள் எண்டு துவங்கினார், அதோட கடைசி வாங்குக்காரரும் நிமிர்ந்திட்டாங்கள். அதுக்கு முதல் 1879 இல ஸ்பெயினில அல்டமிரா குகை, கூரையில இருந்த காட்டெருமையளை முதல் கண்டது தகப்பனோட போன எட்டு வயசுப் பிள்ளை மரியா. நிபுணர்மார் நம்பேல்லை, கள்ளப் படம் எண்டுட்டினம், 1902 இல அவையில ஒராள் பிழை விட்டிட்டன் எண்டு எழுதேக்க அந்தத் தகப்பன் செத்துப் பதினாலு வருசம்.

ஏன்டா கீறினவங்கள் எண்டு கேட்டார். "வேட்டைக்கு சேர்!" கீறினா மிருகம் மாட்டும் எண்டு ஒரு மந்திரம், கன புத்தகத்தில அப்பிடித்தான் இருந்தது. "அப்ப திண்டது என்னத்தை?" லாஸ்கோவில கிடைச்ச எலும்பு கிட்டத்தட்ட எல்லாம் ரெயின்டியர் எண்ட குளிர்நாட்டு மான், சுவரில நிக்கிறது குதிரையும் காட்டு மாடும், ரெயின்டியர் தேடினா ஒண்டு கிடைக்கிறதே பெரும்பாடு. 1994 இல கண்டுபிடிச்ச சோவே குகையில சிங்கம், கரடி, காண்டாமிருகம், 30,000 வருசத்துக்கு மேல பழசு. சிங்கத்தை ஆர் கறி வைச்சது.

சரி, வடிவுக்குத்தான் எண்டான் ஒருத்தன். சனம் இருந்தது குகை வாசலடியில, படங்கள் கன இடத்தில உள்ளுக்க கும்மிருட்டில, கல் விளக்கில கொழுப்பு எரிச்சுக்கொண்டு போய்க் கீறியிருக்கிறாங்கள், கோயில் மூலஸ்தானம் மாதிரி. வெறும் வடிவுக்கில்லை எண்டதுக்கு எனக்கு இண்டைக்கும் இதுதான் பலமான சாட்சி.

பிறகு குகைச் சுவரில இருக்கிற கைத்தடம். சேர் காவிக்கல்லை அரைச்சுத் தண்ணியில கலந்து கொண்டந்தார், கையை ஒரு பெரிய மட்டையில வைச்சு வாயால ஊதச் சொன்னார். யூனிபோர்ம் எல்லாம் சிவப்பு, வீட்டில நல்ல ஏச்சு. ஆனா ஒரு கை ஒழுங்கா விழ எவ்வளவு நேரம் துப்ப வேணும் எண்டு விளங்கினது, சும்மா போற போக்கில செய்யிற வேலை இல்லை.

எங்கட நாட்டுக் கதையும் சொன்னவர். கொழும்பு சேர்ஜன் டொக்டர் ஸ்பிட்டல், எங்கட பழங்குடி வேடர் ஆக்களோட நல்லாப் பழகினவர், ஹமங்கல குகையில இருக்கிற கீறல் எல்லாம் வேடப் பொம்பிளையள் கீறினது, வேட்டைக்குப் போன ஆம்பிளையள் வருமட்டும் இருந்து கீறினவை எண்டு சொன்னாராம். நாங்க "டைம் பாஸா சேர்" எண்டு சிரிச்சம். அவர் சிரிக்கேல்லை, இதை ஸ்பிட்டலுக்கு ஆர் சொன்னது, அந்தப் பொம்பிளையளோ, பக்கத்தில நிண்ட ஆம்பிளையளோ எண்டு கேட்டார்.

2024 இல இந்தோனேசியாவில சுலவேசித் தீவுக் குகையில ஒரு பன்றிப் படத்துக்குக் குறைஞ்சது 51,200 வருசம் எண்டு நியூஸ் வந்தது, பன்றியோட மனுசர் மாதிரி மூண்டு உருவம். அங்க இருந்து ஹமங்கல வரைக்கும் எல்லாத்துக்கும் ஒரே காரணம் எண்டு ஆரும் சொன்னா நான் நம்பமாட்டன், சேர் பழக்கின பழக்கம். ஓ லெவல் பேப்பரில இதில ஒரு கேள்வியும் வரேல்லை எண்டது வேற கதை.